நகை என்று எதுவும் இல்லை

தில்லியில் அடையாளம் தெரியாமல் செத்துப்போகிறவர்கள் அத்தனை பேரும் மாநிறம். வைதேஹிக்கு இதில் அடங்காத எரிச்சல். உயரம் ஐந்தடி ஐந்தங்குலம், நிறம் மாநிறம், உடல் நடுத்தரம், முகம் வட்டம். ஸ்டேஷன் ஸ்டேஷனாக வந்து குவிந்த படிவங்களில் பத்துக்கு எட்டு இப்படித்தான் இருந்தது. காணாமல் போனவனும் மாநிறம், கிடைத்த பிணமும் மாநிறம். இரண்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பொருத்திப் பார் என்றால் அது என்ன செய்யும், பாவம்? ஒருத்தனைத் தேடச் சொன்னால் நானூறு பிணங்களைக் காட்டிவிட்டு நின்றது.

"ஏன்யா, ஒருத்தனாவது கறுப்புன்னு எழுதப்படாதா? செத்தவன் எழுந்து வந்து சண்டையா போடப்போறான்?" என்று தமிழிலேயே கேட்பாள். படிவக் கட்டைக் கொண்டுவந்த ஹரியாணாக் கான்ஸ்டபிள் "ஜி, மேடம்-ஜி" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டை மேஜைமேல் வைப்பான்.

அது 2005. காணாமல் போனவர்களைத் தேடும் போலீஸ் பிரிவு ஒன்றில் வைதேஹி குமாஸ்தா. கும்பகோணத்தில் பிறந்து, கஸ்தூரிரங்கனுக்கு வாழ்க்கைப்பட்டு, ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் முப்பது வருஷத்தை ஓட்டியவள். பிரிவில் தமிழ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதனால் தில்லியில் எந்தத் தமிழன் தொலைந்தாலும் அவன் காகிதம் அவள் மேஜைக்குத்தான் வரும். காகிதத்துக்குப் பின்னால் அவன் வீட்டுக்காரர்களும் வருவார்கள். பொன்னி அப்படி வந்தவள்தான்.

பொன்னி ஜங்புராவில் தமிழர் குடிசைகள் நிறைந்த மதராசி கேம்ப்காரி. நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். அவள் புருஷன் மாசிலாமணிக்கு வெள்ளையடிக்கிற வேலை. 1998 மே மாதம் ஒரு காலையில், ஓக்லாவில் வேலை இருக்கிறது என்று டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போன மனுஷன் திரும்பி வரவில்லை. எவளையோ கூட்டிக்கொண்டு ஓடிவிட்டான் என்று கேம்ப் முழுக்கப் பேச்சு. பேசினவள் ஒருத்தியையும் பொன்னி விட்டுவைக்கவில்லை. குழாயடியில் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒவ்வொருத்தியோடும் தனித்தனியாகச் சண்டை போட்டாள்.

மாதா மாதம் முதல் திங்கட்கிழமை வைதேஹியின் மேஜை முன்னால் வந்து நிற்பாள். கையில் ஒரு கட்டு முருங்கைக்கீரை இருக்கும், கேம்ப்பில் நாலா என்கிற சாக்கடையோரம் நிற்கிற மரத்திலிருந்து பறித்தது.

"கெடச்சாரா மாமி?"

"கிடைச்சா சொல்லியனுப்ப மாட்டேனா? இதுக்காக ரெண்டு பஸ் மாறி வரணுமா? வேலை வெட்டி கிடையாதா உனக்கு?"

"சும்மாதான் வந்தேன், உங்களப் பாத்துட்டுப் போலாம்னு."

"என்னைப் பார்த்து என்ன ஆகப்போறது. உட்காரு, டீ சொல்றேன்."

ஏழு வருஷமாக இதே பேச்சுத்தான். ஆனால் முதல் திங்கட்கிழமை என்றால் வைதேஹியின் டப்பாவில் நாலு இட்லி கூடுதலாக இருக்கும். பதினோரு மணிக்கு மேல் ஆகிவிட்டால் கண் வாசலுக்கும் கடிகாரத்துக்குமாக அலையும். அவளுக்குப் பொன்னியைப் பிடித்துப்போயிருந்தது. அதை ஒத்துக்கொள்ளத்தான் வாய் வரவில்லை.

அந்த வருஷம் செப்டம்பரில் பொன்னி கீரையோடு ஒரு சேதியும் கொண்டுவந்தாள். மகள் முத்துமாரிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. முத்துமாரிக்கு இருபது வயசு, லாஜ்பத் நகரில் ஒரு பியூட்டி பார்லரில் வேலை. மாப்பிள்ளை திரிலோக்புரிப் பையன், கூரியர் கம்பெனியில் இருக்கிறான். தை மாசம் முகூர்த்தம்.

"நல்ல சேதியை ஏன் இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சிண்டு சொல்றே?" என்றாள் வைதேஹி.

"பத்திரிக அடிக்கணும் மாமி. அவரு பேருக்கு முன்னாடி 'லேட்'டுன்னு போடறதா வேணாமான்னு அச்சாபீசுல கேக்கறான். போட்டா, எங்கியோ உசுரோட இருக்கற மனுசன நானே கொன்ன மாதிரி. போடலன்னா, சரி, மணவறைக்கு வரச்சொல்லுன்னு நாலு பேரு கேப்பாங்க. நான் பொட்டு வச்சிக்கினு நிக்கறதா, அழிச்சுட்டு நிக்கறதா? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க."

 படிச்சவள் டீயைத்தான் இன்னொன்று சொன்னாள்.

அக்டோபரில் பழைய படிவங்கள் ஏற்றும் வேலை வந்தது. 2001-இல் ஓக்லா ரயில் பாதையோரப் புதரில் கிடைத்த எலும்புக்கூடு ஒன்று. ஆண், நாற்பது வயசு இருக்கலாம், முன்பல் பாதி உடைந்தது. செத்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும், எதனால் என்று தெரியவில்லை. எலும்பானபின் நிறம் ஏது? அப்படியும் எழுதிய புண்ணியவான் 'மாநிறம்' என்று போட்டிருந்தான். வைதேஹி தலையில் அடித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனாள். 'இடுப்புப் பகுதியில் கறுப்புக் கயிறு. அதில் செம்புத் தாயத்து ஒன்று.'

விரல் விசைப்பலகையில் அப்படியே நின்றது. மாசிலாமணியின் படிவத்தை எடுத்தாள். 'அணிந்திருந்த நகை: எதுவும் இல்லை.' அவளே ஏழு வருஷத்துக்கு முன்னால் பொன்னியைக் கேட்டு எழுதியது. அரைஞாண் கயிற்றை நகை என்று யார் சொல்வார்கள்? கஸ்தூரிரங்கன் இடுப்பிலும் ஒன்று கிடக்கிறது. அவர் தொலைந்துபோய், நகை என்ன போட்டிருந்தார் என்று போலீஸ் கேட்டால் அவளும் அதைச் சொல்லியிருக்க மாட்டாள். இடுப்பு என்று ஒன்று இருந்தால் கயிறு என்று ஒன்று இருக்கும், அதைப் போய்ச் சொல்வானேன்! 'எனக்காவது புத்தி வந்திருக்க வேண்டாமா' என்று தன்னையே வைதுகொண்டு பார்லருக்குப் போன் போட்டு, பொன்னியை வரச்சொன்னாள்.

"உங்காத்துக்காரர் அரைஞாண் கட்டிண்டிருந்தாரா?"

"இதென்னா கேள்வி மாமி, கட்டாத ஆம்பள உண்டா?"

"தாயத்து இருந்துதா அதுலே?"

பொன்னியின் முகம் மாறியது. "இருந்துச்சு. செம்புல."

"முன்பல்?"

"ஏணிலேர்ந்து வுழுந்து பாதி போயிருச்சு." கேட்ட கேள்வி எங்கே போகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "மாமி?"

"எந்தக் கோயில்லே மந்திரிச்ச தாயத்து?"

"அது... சும்மா, ஊர்ல கட்டுனது." பொன்னி வேறு பக்கம் பார்த்தாள். வைதேஹி அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்ஸ்பெக்டர் தஹியா நல்ல மனுஷர். ஆனால் தாயத்தையும் பல்லையும் வைத்து எலும்பைக் கொடுத்துவிட முடியாது என்றார். "ஆயிரம் பேர் கட்டுகிறார்கள், மேடம்-ஜி. டி.என்.ஏ. பார்த்துவிடுவோம். அம்மாவும் மகளும் ரத்தம் கொடுக்கட்டும்." மாசிலாமணி பக்கம் ரத்த சொந்தம் வேறு யாரும் உயிரோடு இல்லை. தாயும் மகளும் வந்து விரலை நீட்டினார்கள். முத்துமாரிதான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "ஜல்தி முடிஞ்சிரும்மா, கண்ணை மூடிக்கோ" என்றாள்.

நவம்பர் கடைசியில் டி.என்.ஏ. லாபிலிருந்து கவர் வந்தது. தபால் பிரிப்பது வைதேஹியின் வேலை. படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். எலும்புக்குரியவர் இந்தப் பெண்ணின் தகப்பன் அல்ல. அதோடு விட்டிருந்தால், சரி, இது வேறு யாரோ என்று போயிருக்கும். கீழே ஒரு வரி: ரத்தம் கொடுத்த அம்மாளும் இந்தப் பெண்ணின் தாய் அல்ல, மாதிரிகள் மாறியிருக்கலாம், சரிபார்க்கவும்.

எதுவும் மாறவில்லை. ரத்தம் எடுத்தபோது வைதேஹி பக்கத்திலேயே நின்றிருந்தாள். 

மறுநாள் பொன்னியை ஆபீஸ் பின்பக்கத்து வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னாள். சுற்றி வளைக்கத் தெரியாதவள், நேராகவே சொன்னாள். பொன்னி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என் தங்கச்சி பொண்ணு மாமி. அவளுக்கு நாலாவது. எனக்குக் கண்ணாலம் ஆயி எட்டு வருசம் ஒண்ணும் தங்கல. பொறந்த மூணாம் நாளு தூக்கி எங்கையில குடுத்துட்டா. கைக்கொழந்தையோட ரயிலேறி இங்க வந்தோம். கேம்ப்ல ஒருத்தருக்கும் தெரியாது. அதுக்கும் தெரியாது."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கப்படாதா? ரத்தம் எடுக்கறச்சே சும்மா நின்னியே!"

"எனக்கென்னா தெரியும் மாமி, ரத்தத்துல அது தெரியும்னு? நாங்க ஊட்டுன சோத்துல ஊறுன ரத்தந்தான? பதிமூணு வருசம் தோள்மேல போட்டு வளத்தாரு. அவரு ரத்தமாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

  வைதேஹியும் பக்கத்தில், அத்தனை நல்ல புடவையோடு, மண்ணில் உட்கார்ந்தாள்.

"எழுதிக் குடு, பொன்னி. வளர்ப்பு மகள்னு ஒரு வரி. உன்னோட ரத்தத்தை வச்சு ஒண்ணும் பண்ண முடியாதுதான், ஆனா உண்மையைச் சொன்னா இன்ஸ்பெக்டர் வேற வழி ஏதாவது பார்ப்பார்."

"வேணாம்." பொன்னி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "காயிதத்துல ஏறிட்டா அது படிச்சிரும். இங்கிலீசு படிக்கற பொண்ணு. மாப்ள வூட்டுக்கும் போவும். இன்னும் ரெண்டு மாசத்துல கண்ணாலம். எலும்பு அங்கியே கெடக்கட்டும் மாமி. ஏழு வருசம் இருந்தாரு, இன்னும் இருப்பாரு. அவரக் கேட்டாலும் அதத்தான் சொல்லுவாரு. பாப்பாவுக்குத் தெரியக்கூடாதுன்னு எந்தலைல அடிச்சு சத்தியம் வாங்குன மனுசன்."

"ஊரெல்லாம் அவரை ஓடிப்போனவர்னு சொல்றதே, அது?"

"எனக்குத் தெரியும், எங்கியும் போகலன்னு. ஆறு கிலோமீட்டர்ல கெடந்துருக்காரு." இதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. "ஆறு கிலோமீட்டர் மாமி. தெரிஞ்சிருந்தா நடந்தே போயிருப்பேன்."

வைதேஹி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆபீஸ் ஜன்னலிலிருந்து இரண்டு கான்ஸ்டபிள்கள் பார்த்தார்கள். பார்க்கட்டுமே, என்ன போச்சு.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே வைதேஹி கேட்டாள். "ஏன் பொன்னி, அன்னிக்குத் தாயத்தைக் கேட்டப்போ மூஞ்சியைத் திருப்பிண்டியே. உள்ளே என்ன இருந்தது?"

பொன்னி தயங்கினாள். "பாப்பாவோட தொப்புள்கொடி. ஆறாம் நாளு எம்மடியிலதான் வுழுந்துச்சு. அத மஞ்சத்துணில சுத்தி, செம்புக் கொழாயில போட்டு, மெழுகு வச்சு அடைச்சு பாப்பா அரைஞாண்ல கட்டுனாரு. மூணு வயசுல அது புடுங்கிப் புடுங்கிப் போட்டுச்சு. தொலைஞ்சிரப் போவுதுன்னு தன் இடுப்புல கட்டிக்கினாரு. ஆம்பள, பொட்டப்புள்ள கொடியக் கட்டிக்கிட்டுத் திரியறான்னு சிரிப்பாங்கன்னு நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல."

வைதேஹி எழுந்துவிட்டாள். புடவை மண்ணைக்கூடத் தட்டவில்லை. "அட அசடே! நான் ஒரு அசடு, நீ ஒரு அசடு! எழுந்திரு!"

தஹியா முதலில் சிரித்தார். தாயத்துக்கு டி.என்.ஏ.வா, என் சர்வீஸில் கேட்டதில்லை என்றார். வைதேஹி நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. எலும்பு இந்தப் பெண்ணின் அப்பாவுடையதா என்று கேட்டால்தானே இல்லை என்கிறது? எலும்பின் இடுப்பில் இருந்தது இந்தப் பெண்ணுடையதா என்று கேளுங்கள். ஆம் என்றால் அதைக் கட்டிக்கொண்டிருந்தவர் வேறு யாராக இருக்க முடியும்? தஹியா சிரிப்பை நிறுத்தினார். ரிப்போர்ட்டை எடுத்து, கடைசி வரியை மெதுவாகப் படித்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "எனக்கு ஆள் யாரென்று தெரிந்தால் போதும், மேடம்-ஜி. மற்றது வீட்டு விஷயம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

ஒன்றரை மாதத்தை வைதேஹி எப்படித் தள்ளினாள் என்று கஸ்தூரிரங்கனைத்தான் கேட்க வேண்டும். ரசத்தில் உப்பு இருக்காது, இல்லாவிட்டால் இரண்டு தடவை இருக்கும். பொங்கலுக்கு முந்தின வாரம் பதில் வந்தது. மெழுகு கெடாமல் இருந்ததாம். குழாய்க்குள் மஞ்சள் கறைபட்ட துணியில் காய்ந்த துண்டு ஒன்று. அதுவும் முத்துமாரி என்கிற பெண் கொடுத்த ரத்தமும் ஒரே ஆளுடையவை, சந்தேகமில்லை.

வைதேஹி காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

எலும்பு மூட்டை ஸ்டேஷன் மால்கானாவில் இருந்தது. வழக்குப் பொருட்களைப் போட்டுப் பூட்டி வைக்கிற அறை. பொன்னி மட்டும் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டால் போதும், மகளைக் கூட்டிவர வேண்டாம் என்று வைதேஹி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். சொல்லி என்ன பிரயோஜனம்? அன்றைக்குப் பார்த்து முத்துமாரி பார்லருக்கு லீவு போட்டுவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "தாயத்துல இருந்தது என் கொடின்னு அம்மா சொல்லுச்சு. எங்கப்பாவைக் கூட்டிட்டு வரப் போறாங்க, நான் வரமாட்டேனா?" என்றாள்.

மால்கானாக் கணக்கு எழுதும் முன்ஷி கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு பதிவேட்டைத் திறந்தார். வாங்குகிறவரோடு கூட வந்தவரும் கையெழுத்திட வேண்டும், உறவு எழுத வேண்டும். "பொன்னி. மனைவி, டீக் ஹை. இந்தப் பெண்?" லாப் காகிதத்தைப் புரட்டினார். "இதில் இறந்தவரின் மகள் இல்லை என்றல்லவா போட்டிருக்கிறது? இந்த அம்மாவுக்கும் மகள் இல்லையாம்!" மனுஷர் கெட்டவர் இல்லை, வாய்தான் பெரிது. அறை முழுக்கக் கேட்டது.

"உன் வேலையைப் பாரய்யா!" என்று வைதேஹி ஹிந்தியில் கத்தினாள். கத்தி என்ன, சொன்னது சொன்னதுதான். தில்லியிலேயே இருபது வருஷம் வளர்ந்த முத்துமாரிக்கு ஹிந்தி புரியாதா? பொன்னி மகளைப் பார்க்கத் தைரியமில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முத்துமாரி அசையவில்லை. "பேட்டி லிக்கோ, பையா" என்றாள். மகள் என்று எழுது, அண்ணா.

"ஆனால் ரிப்போர்ட்..."

"ரெண்டாவது ரிப்போர்ட்டையும் படி. அவர் இடுப்பில் இருந்தது யாருடையது என்று அதில் போட்டிருக்கிறது. தன் பிள்ளையுடையது இல்லாததை எவனாவது சாகிற வரைக்கும் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிவானா? பேட்டி லிக்கோ." ஹிந்தியில் படபடவென்று சொல்லிவிட்டாள். முன்ஷி எழுதினார்.

பொன்னி மகள் பக்கம் திரும்பினாள். "உனக்கு... எப்பிடிடி?"

"அப்பாதான் சொன்னாரு." முத்துமாரி இப்போது தமிழுக்கு வந்தாள், குரலும் சின்னப் பெண் குரலாகிவிட்டது. "நான் எட்டாங்கிளாஸ்ல இருக்கும்போது சித்தி ஊர்லேர்ந்து வந்து, என்னைக் கட்டிப் புடிச்சிட்டு ஒரே அழுகையா அழுதுச்சே. ஏன்பா அழுதுச்சுன்னு கேட்டேன். சொல்லிட்டாரு. உனக்குத் தெரியும்னு அம்மாவுக்குத் தெரியக்கூடாது, அவ தாங்கமாட்டான்னு சத்தியம் வாங்கிட்டாரு."

 பொன்னி முன்ஷி மேஜைமேல் வைத்த துணிமூட்டையைப் பார்த்தாள். வெள்ளைத் துணி, அரக்கு முத்திரை, ஒரு கைக்குழந்தை அளவுதான். இரண்டு கையாலும் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அடப்பாவி மனுசா" என்றாள்.

ஆட்டோவில் மூன்று பேரும் ஏறினார்கள். மூட்டை பொன்னியின் மடியில். வண்டி கிளம்பினதும் அவள் ஆரம்பித்தாள். "எங்கிட்ட ஒரு சத்தியம், பொண்ணுகிட்ட ஒரு சத்தியமா? ஏழு வருசமா நான் இதுகிட்ட மறைக்கறேன், இது எங்கிட்ட மறைக்குது. நடுவுல நீ ஜாலியா புதர்ல படுத்துக் கெடந்தியா? பாதி பல்லு போனப்பவே சொன்னேன், ஏணியப் பாத்து ஏறு, ரோட்டப் பாத்து நடன்னு. கேட்டாத்தான? தண்டவாளத்துப் பக்கம் உன்ன யாரு போகச்சொன்னா? டிபன் டப்பாவ எங்க போட்டுத் தொலைச்ச?"

திட்டிக்கொண்டே இருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் பாட்டுக்குக் கொட்டியது, கை பாட்டுக்கு மூட்டையைத் தட்டிக்கொடுத்தது. ஏழு வருஷத்துத் திட்டு அத்தனையும் சேர்ந்திருந்தது.  வைதேஹி அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தான். அம்மா யாரோடு பேசுகிறார் என்று ஹிந்தியில் கேட்டான்.

"அப்பாவோடு" என்றாள் முத்துமாரி.

ஜங்புரா திருப்பம் வந்தது. பொன்னி திட்டுவதை நிறுத்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பாப்பா, வண்டிய நேரா வூட்டுக்கு வுட வேணாம். குழாயடிப் பக்கமா சுத்திப் போகச் சொல்லு. தண்ணி வுடற நேரம், எல்லாரும் இருப்பாளுங்க. பாக்கட்டும்."